இன்பநாதன் காரில் ஒட்டியது

இன்பநாதன் கார் வாங்கிய புதிதில் பார்ப்பவர்களை எல்லாம் கூப்பிட்டு, "தொட்டுப் பாருங்க" என்பார். வண்டியைச் சுற்றிக் காட்டமாட்டார், என்ஜினைத் திறந்து காட்டமாட்டார். கதவைத் திறந்து, உள்பக்கம் கை வைத்துக்கொள்ளும் திண்டைத் தொடச் சொல்வார். கறுப்பாக, மெத்தென்று, ரப்பரும் இல்லாமல் துணியும் இல்லாமல் ஒரு பூச்சு. டாஷ்போர்டு, கியர் குமிழ், கதவுப் பிடி என்று எங்கே கை படுமோ அங்கெல்லாம் அதே பூச்சு. நானும் தொட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அது 1999. ராணுவ அலுவலகம் ஒன்றில் அவர் ஹெட் கிளார்க். அங்கே இருந்த ஒரு கர்னல் ஓய்வுபெற்று ஊருக்குப் போகும்போது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வண்டியை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். தலையில் கட்டிவிட்டார் என்பது என் பேச்சு. அவரைக் கேட்டால், கர்னல் தன்னை நம்பி ஒப்படைத்தார் என்பார். கம்பெனிப் பெயரைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள். வெளிநாட்டு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்பநாதன் வீட்டார் தூத்துக்குடிக்காரர்கள். புனேயில், கோர்படி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கட்டடம். அவர்கள் முதல் மாடி, நாங்கள் அதற்கு மேல். அவர் மனைவி ஆரோக்கியமணியும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். அந்த வீட்டுக் குக்கர் கூவினால் என் வீட்டில் அரிசி களைய நினைவு வரும், அவ்வளவு நெருக்கம். ஆரோக்கியமணியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவளைப் போலச் சுத்தம் பார்க்கிறவளை நான் கண்டதில்லை. எண்ணெய்ப் பாட்டிலின் வெளிப்புறத்தைத் தினமும் துடைக்கிறவள். என் வீட்டுக்கு வந்தால் என் அடுப்பையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போவாள், எனக்குக் கோபம்கூட வரும்.

கோர்படித் தமிழ்ச் சர்ச்சில், அவர்கள் பேச்சில் கோவிலில், கல்யாணம் என்றால் பெண்ணைக் கோவிலுக்கு அழைத்துவருவது இன்பநாதன் வண்டிதான் என்று ஆகிப்போயிற்று. அவரே ஓட்டுவார். கொளுத்துகிற வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொள்வார். மணப்பெண் இறங்கும்போது கதவைத் திறந்துவிட்டு ஒரு பக்கமாக நிற்பார் பாருங்கள், பெண்ணின் தகப்பனாரைவிட அவருக்குத்தான் பெருமிதம் அதிகம் இருக்கும். ஆபீசில் வாழ்நாள் முழுக்கப் பெரிய அதிகாரிகளுக்குக் கதவு திறந்து நின்ற மனிதர். இந்தக் கதவு அவருடையது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வண்டியைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார். அங்கேதான் அவர் தவறு செய்தார். அந்தப் பூச்சு பளபளப்பதற்கென்று கேம்ப் கடைத்தெருவில் விற்ற ஏதோ மினுக்குத் தைலத்தை வாங்கித் தடவினார். அது தீர்ந்த வாரங்களில் தேங்காயெண்ணெய். தோல் செருப்புக்கு எண்ணெய் போட்டால் உழைக்கும் இல்லையா, அந்தக் கணக்கு. வெயிலும் எண்ணெயும் சேர்ந்து அந்தப் பூச்சை என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

2005 கோடையில் திண்டு கையில் ஒட்ட ஆரம்பித்தது. முதலில் லேசாக. பிறகு கியர் குமிழைப் பிடித்துவிட்டு எடுத்தால் உள்ளங்கை கறுப்பாகிவிடும். பலாப்பழம் அரிந்த கை மாதிரி, சோப்பு போட்டாலும் போகாது. சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார், எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தார், மண்ணெண்ணெயும் போட்டார். மண்ணெண்ணெய் போட்ட இடம் இன்னும் மோசமாயிற்று.

மகன் மெர்வின் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். இன்டர்நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, புனேயில் வளர்ந்த பிள்ளைகளின் இந்தி கலந்த தமிழில் சொன்னான்.

"அப்பா, அந்தக் கோட்டிங் கதம் ஹோ கயா, முடிஞ்சு போச்சு. எண்ணெய் போட்டா இன்னும் கராப் ஆகும். ஸ்பிரிட் வெச்சுத் துடைச்சா ஃபுல்லா வந்துடும். கீழ ஹார்ட் பிளாஸ்டிக்தான், அது ஒட்டாது."

"ஹார்ட் பிளாஸ்டிக்கு வச்ச வண்டி ஊருல எல்லாவனும்தான் வச்சிருக்கான். அதுக்கு இந்த வண்டி எதுக்குலே?"

"தோ பிர் என்ன பண்ணுவீங்க?"

"நான் பாத்துக்கிடுதேன்."

அவர் கண்டுபிடித்த வைத்தியம் டால்கம் பவுடர். காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பு திண்டு, பிடி, குமிழ் எல்லாவற்றின்மேலும் பவுடரைத் தட்டி, துணியால் ஒற்றியெடுப்பார். கொஞ்ச நேரம் ஒட்டாது. வண்டிக்குள் பிள்ளை பெற்ற வீட்டு வாசம் அடிக்கும். மாடியிலிருந்து நான் பார்ப்பேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார், வீட்டில் யாருக்கோ வரக்கூடாத வியாதி வந்துவிட்டதைப் போல. யாரையும் வண்டியில் ஏற்றுவதை நிறுத்தினார். கல்யாணத்துக்கு வண்டி கேட்டு வந்தவர்களிடம் என்ஜினில் கோளாறு என்றார். கோவிலில் யாருக்கும் விஷயம் தெரியாது. வீட்டு ஆட்களுக்கும் எனக்கும் தெரியும், அவ்வளவுதான்.

இப்படியே இரண்டு வருடம் ஓட்டினார். அப்போதுதான் மகள் டானியாவுக்கு வரன் வந்தது. பையன் கிளாட்வின், புனேயிலேயே மகர்பட்டாவில் வேலை, இவர்கள் ஊர்க்காரன். டானியாவுக்கும் அவனுக்கும் முன்பே பழக்கம், அதைப் பெரியவர்கள் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டார்கள். பையனின் அப்பா இருதயராஜும் அம்மா பிலோமினாவும் தூத்துக்குடியிலிருந்து பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. போனிலேயே இன்பநாதன் சொல்லிவிட்டார்.

"ஸ்டேஷனுக்கு நானே வண்டி கொண்டு வாரேன். நீங்க ஆட்டோ கீட்டோ பாக்காதீங்க."

ஆரோக்கியமணி கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டாள். "ரெண்டு ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. மே மாசம். அந்த வண்டி வேண்டாங்க."

"பவுடர் போட்டிருக்கேன். ஸ்டேஷன் என்ன டெல்லியிலயா இருக்கு?"

ஸ்டேஷன் பக்கம்தான். ரயில்வே கேட்டை அவர் மறந்துவிட்டார். சம்பந்தம் பேச வந்தவர்களை ஏற்றிக்கொண்டு வரும்போது கேட் மூடிக்கிடந்தது. ஒரு ரயில் போய், திறப்பார்கள் என்று பார்த்தால் இன்னொரு கூட்ஸ். கோர்படி கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே நின்று கொண்டிருக்கும்போது பெற்ற பிள்ளைமேல்கூட எரிச்சல் வரும். ஏசி எப்போதோ செத்துவிட்டது. வெயில் கண்ணாடி வழியாக இறங்கியது. பவுடர் ஊறிப்போய், பூச்சு இளகிவிட்டது. பின்சீட்டில் இருந்த பிலோமினா சாய்ந்து கையைத் திண்டில் வைத்திருக்கிறாள், சேலைத் தலைப்பும் அதன்மேல் கிடந்திருக்கிறது. சந்தன நிறப் பட்டு. கையை எடுக்கப் போனால் வரவில்லை. இழுத்தால் தலைப்பும் சேர்ந்து வந்தது, கறுப்பு இழை இழையாக.

"என்ன அண்ணாச்சி இது, பிசுபிசுன்னு?"

அந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடியது எத்தனையோ இருக்கிறது. வண்டி பழசு என்று சொல்லலாம். மன்னிச்சிடுங்க என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். இன்பநாதன் சொன்னார்:

"கருப்பட்டிப் பாகு. போன வாரம் எங்க வீட்டுல பலகாரம் கொண்டுபோகையில கொட்டிட்டா. துடைன்னு சொன்னா துடைக்க மாட்டா. அவ சுபாவமே அப்படி, என்ன செய்ய."

கறுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டுவது என்றால் தூத்துக்குடிக்காரர்கள் கருப்பட்டிப் பாகைத்தான் நினைப்பார்கள். வேறு எந்த ஊர்க்காரியாவது இதைக் கேட்டிருந்தால் ஒரு கணம் யோசித்திருப்பாள். பிலோமினா யோசிக்கவில்லை. வீட்டில் எது ஒட்டினாலும் அந்த வீட்டுப் பொம்பளைதான் காரணம் என்பதை நம்ப நம் ஊரில் யாருக்கும் சாட்சி வேண்டியதில்லை.

வீட்டில் நானும் ஆரோக்கியமணியும் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தோம். அவர்கள் வந்ததும் அவள் கண் முதலில் அந்தச் சேலையில்தான் விழுந்தது. ஓடிப்போய்த் துணியும் தேங்காயெண்ணெயும் கொண்டுவந்தாள்.

"ஐயோ, அந்த வண்டி..." என்று ஆரம்பித்தாள்.

"மணி, முதல்ல காப்பியக் கொண்டா" என்றார் இன்பநாதன்.

"இருக்கட்டும் மதினி, துவைச்சாப் போயிரும்" என்றாள் பிலோமினா. சிரித்தாள்தான். ஆனால் அந்தச் சிரிப்போடு கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள், சமையல்கட்டு வாசலையும் எட்டிப் பார்த்தாள். ஆரோக்கியமணி முந்தைய நாள் முழுக்க நின்று செய்த முந்திரிக்கொத்தைத் தட்டில் வைத்தோம். பாசிப்பயறு வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகில் உருட்டிப் பொரித்தது. அவளைப் போல அதைச் செய்ய புனேயில் ஆள் கிடையாது. பிலோமினா ஒன்றை எடுத்து, தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டாள்.

"எனக்குச் சுகர் மதினி" என்றாள். காப்பியில் சீனி கேட்டு வாங்கிக் குடித்ததை நானும் பார்த்தேன், ஆரோக்கியமணியும் பார்த்தாள்.

பையனுக்குப் பிடித்துவிட்டதால் சம்பந்தம் முடிவாயிற்று. கல்யாணப் பேச்செல்லாம் போனில் நடந்தது. அவர்கள் வழக்கத்தில் பெண் வீட்டுப் பலகாரம் என்பது பெரிய விஷயம். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெட்டி பெட்டியாகப் போகும், அதை வைத்துத்தான் பெண்ணைப் பெற்றவளின் கைமணம் ஊரில் பேசப்படும். டானியா பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே ஆரோக்கியமணி அதற்காகக் காத்திருந்தாள் என்று சொல்லலாம். பிலோமினா, பலகாரம் எதுவும் வேண்டாம், ஊரிலேயே செய்து எடுத்துவருகிறோம் என்றுவிட்டாள். ஆரோக்கியமணி விடவில்லை. நான் பக்கத்தில் இருந்தபோதுதான் பேசினாள்.

"முந்திரிக்கொத்து மட்டுமாவது நான் செய்யுதேன் மதினி. என் ஆசைக்கு."

அந்தப் பக்கம் பேசியது எனக்கும் கேட்டது.

"தப்பா நினைக்காதீங்க மதினி. அந்தப் பாகு என் சேலையில பட்டது இன்னும் போகல. லாண்ட்ரிக்காரன் கைய விரிச்சிட்டான். அவ்வளவு முறுகவிட்டா பாகு தார் மாதிரிதான் ஆகும். அதையும் வண்டியில கொட்டி, துடைக்காம... அண்ணாச்சி பாவம், வாய்விட்டுச் சொல்லி வருத்தப்பட்டாரு. எல்லாருக்கும் சுத்தம் கைவராது, அதுக்கு என்ன. டானியாவ நான் பழக்கிக்கிடுதேன்."

ஆரோக்கியமணி போனை வைத்தாள். இன்பநாதன் நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பாகுங்க?" என்று கேட்டாள்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. நகம்வெட்டியைக் கீழே வைத்தார். நான் எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் நின்றபடியே கேட்டாள். சத்தம் போடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அந்தக் கட்டடமே கேட்டிருக்கும். அவள் சேலைத் தலைப்பால் போனைத் துடைத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் வண்டியில் போவார், அவள் பின்னாலேயே ஆட்டோவில் போவாள். கோவில் வாசலில் அவர் காரைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது அவள் ஆட்டோவிலிருந்து இறங்குவாள். பார்த்தவர்கள் ஜாடையாகச் சிரித்தார்கள். காரணம் கேட்டவர்களிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. மணப்பெண்களுக்குக் கதவு திறந்து நின்ற அதே இடத்தில் குனிந்த தலையோடு சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். எனக்கே பார்க்கச் சங்கடமாக இருந்தது, திருப்தியாகவும் இருந்தது.

கல்யாணம் டிசம்பரில். அதற்கு முந்தைய வாரம் அவர் லீவு போட்டு, மெர்வின் சொன்ன ஸ்பிரிட்டை வாங்கிவந்தார். பழைய பனியன்களைக் கிழித்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தார். பூச்சு எளிதில் வரவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சேறு மாதிரி திரண்டு வந்தது, துணி துணியாகக் கறுத்தது. ஸ்பிரிட் நெடியில் தலை சுற்றுகிறது என்று படியில் வந்து உட்காருவார், மறுபடி போவார். கடைசியில் அடியில் இருந்த பிளாஸ்டிக் வெளியே வந்தது. சாம்பல் நிறம், வழவழப்பு, தட்டினால் டொக்கென்று சத்தம். துளி ஒட்டவில்லை.

"மணி, வந்து தொட்டுப் பாரேன்" என்று படியில் நின்று கூப்பிட்டார்.

"வண்டியத் துடைச்சிட்டீங்க. சரி" என்றாள் அவள். "என் மேல பூசினத யாரு துடைப்பா?"

கையிலிருந்த கறுத்த துணியை அவர் மடித்தார். பிறகு, "நான் சொல்லுதேன். அவங்ககிட்டயே சொல்லுதேன்" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரை எனக்குப் பிடித்தது.

சொன்னார். அதை மறுக்க முடியாது. கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை, மாப்பிள்ளை வீட்டார் கல்யாணச் சேலையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். லாட்ஜிலிருந்து பிலோமினாவையும் இருதயராஜையும் அவர்தான் வண்டியில் அழைத்துவந்தார். கூடம் நிறைய ஆட்கள். ஆரோக்கியமணி காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். இன்பநாதன் எழுந்து நின்றார்.

"சம்பந்தியம்மா, ஒரு விஷயம் சொல்லணும். அன்னைக்கு உங்க சேலையில ஒட்டினது பாகு இல்ல. இவ எதையும் கொட்டல. வண்டியில இருந்த பிளாஸ்டிக்கு பழசாகி அப்படி இளகிப் போச்சு. எனக்கு வெட்கமா இருந்தது. அதான் இவ மேல பழியப் போட்டேன். இவள மாதிரிச் சுத்தமானவ கிடையாது."

ஆரோக்கியமணி தட்டோடு அப்படியே நின்றாள். பிலோமினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"பிளாஸ்டிக்கு எங்கயாவது பாகு மாதிரி ஒழுகுமா அண்ணாச்சி? இப்ப அதே வண்டியிலதான வந்தேன். கல்லு மாதிரி இருக்கு."

"அது நான் உரிச்சு எடுத்துட்டேன். மேல ஒரு பூச்சு இருந்தது..."

"சரி, சரி. நான் நம்பிட்டேன்." தன் கணவர் பக்கம் திரும்பினாள். "பாத்தியளா, பொண்டாட்டிய நாலு பேரு முன்னால எப்படி விட்டுக்குடுக்காமப் பேசுதாருன்னு. அவ செய்ததத் தன் தலையில போட்டுக்கிடுதாரு. நீங்க எனக்காக என்னைக்காவது இப்படி ஒரு பொய் சொல்லியிருக்கியளா?"

கூடமே சிரித்தது. இருதயராஜும் சிரித்தார். "இல்ல ஆன்ட்டி, சச்சி, நிஜமாவே அது கோட்டிங்" என்றான் மெர்வின். "பிள்ளைக்கு அம்மா மேல பாசம்" என்று யாரோ சொன்னார்கள். நானும் எழுந்து, அந்த வண்டியை இரண்டு வருடமாக மாடியிலிருந்து பார்த்தவள் நான் என்று சொன்னேன். பிலோமினா என் கையைப் பிடித்து, "சிநேகிதின்னா இப்படித்தான் இருக்கணும்" என்றாள். காட்டுவதற்கு வண்டியில் ஒரு விரல் அகலம்கூட அந்தப் பூச்சு மிச்சமில்லை. அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தார்.

அவர் மறுபடியும் வாயைத் திறந்தார். அவர் பேசப் பேச அவர்களுக்கு அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. கடைசியில் கண் கலங்கி உட்கார்ந்துவிட்டார். அதையும் அவர்கள் வேறு மாதிரிதான் எடுத்துக்கொண்டார்கள்.

"காப்பி ஆறுது, குடிங்க" என்றாள் ஆரோக்கியமணி. தட்டை ஒவ்வொருவர் முன்பாகவும் நீட்டினாள். அவர் முன்பாகவும் நீட்டினாள். அவர் நிமிரவில்லை.

மறுநாள் டானியா அந்த வண்டியில்தான் கோவிலுக்குப் போனாள். வெள்ளைச் சேலையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. ஆரோக்கியமணியும் நானும் ஆட்டோவில் போனோம்.

டானியா மகர்பட்டாவில் குடியிருக்கிறாள். பிலோமினா வருடத்துக்கு ஒரு தடவை வந்து தங்குகிறாள். மருமகள் சமையல்கட்டை நன்றாகத்தான் வைத்திருக்கிறாள், நான் பழக்கியது என்கிறாள். ஆரோக்கியமணி கொடுத்தனுப்பும் பலகாரத்தைத் தொடாமல் மேல்தட்டில் வைத்துவிடுகிறாள் என்று டானியா என்னிடம் சொல்லி அழுதாள். அம்மாவிடம் சொல்லாதே என்றேன்.

இன்பநாதன் விடவில்லை. பிலோமினா வரும்போதெல்லாம் அவளிடமும், கல்யாண வீடுகளில் அவள் சொந்தக்காரர்களிடமும், அது பாகு இல்லை, தான் சொன்னது பொய் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். கேட்கிற பெண்கள் தங்கள் கணவர்களை முழங்கையால் இடிக்கிறார்கள். இருந்தால் இப்படி ஒரு புருஷன் இருக்கணும் என்று தூத்துக்குடியில் அவருக்கு நல்ல பெயர். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவர் மனைவியை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். அடக்கமான மனிதர் என்கிறார்கள்.